செத்தவீட்டுக் கடவுச்சொல்

அத்தியாயம் பதினான்கு

வேலை செய்கிற கந்தோரிலிருந்து அந்த மின்னஞ்சல் வந்த வியாழக்கிழமை பின்னேரத்திலிருந்து டிலோஜினிக்குச் சோறு இறங்கவில்லை. பேசாலையில், கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் இருக்கிற அந்த வீட்டில் அதை ஒருவரும் கவனிக்கவுமில்லை. கவனித்தால் மட்டும் என்ன, கேட்டுவிடப் போகிறார்களா? வாயைத் திறந்து ஒன்றைக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது.

அந்த மூன்று வருடக் கதை தெரியாதவர்களுக்கு மட்டும் ஒரு சொல். பெனடிக்ற் – மார்த்தா தம்பதியின் மூத்தவன் மில்ரன், டிலோஜினியின் அண்ணா. அவன் எருக்கலம்பிட்டி முஸ்லிம் பெண் பஸ்மினாவைப் பதிவெழுதிக் கல்யாணம் முடித்து, கையோடு கூட்டிவந்து படலையில் நின்றான். மாதா கோயில் சபையில் பெரிய ஆளாக இருந்த பெனடிக்ற் வெளியே வந்து கத்தினார்.

"இவன் இனி என்ர வாசல் மிதிக்கக்கூடாது. இவன்ர பேரும் இந்த வீட்டுக்குள்ள ஒருத்தற்ற வாயிலயும் வரக்கூடாது!"

மில்ரன் பெண்சாதியோடு முருங்கனுக்குப் போய்விட்டான். மார்த்தா அன்றைக்கு மூடிய வாயை இந்த விஷயத்தில் இன்னும் திறக்கவில்லை. புருசன் சொன்னால் சொன்னதுதான் என்று இருந்துவிட்டாள், பாவம்.

சரி, மின்னஞ்சலுக்கு வருவோம்.

டிலோஜினி வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் வைத்தியர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதை எழுத்தில் அடித்துக் கொடுக்கிற வேலை. யாருக்கு என்ன வருத்தம், யாருக்கு எந்த மருந்து என்பதெல்லாம் அவளுடைய லப்டொப் வழியாகத்தான் போகும். அதனால் வீட்டு இணைப்பில் ஓட்டை இருக்கக்கூடாது என்பதில் கொழும்புக் கந்தோர் மகா கண்டிப்பு.

கந்தோரின் மென்பொருள் கண்டுபிடித்துச் சொன்னது இதுதான். அவளுடைய வீட்டு வைஃபையில் பத்தொன்பது கருவிகள் தொங்குகின்றன. அதில் ஒரு கைத்தொலைபேசி ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதியிலிருந்து நாள் தவறாமல் பின்னேரம் மூன்றரை மணிபோல் உள்ளே வருகிறது, நாலு மணிக்குப் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை சரியாக மூன்றரைக்குக் காணொளியில் பரிசோதனை. அந்த நேரம் வெளியாள் ஒருவர் இணைப்பில் இருந்தாலும் வீட்டு வேலைக்கான அனுமதி போய்விடும். கொழும்புக்கு வந்து கந்தோரில் இருந்து வேலை செய்யலாம்.

கொழும்புக்கு வரலாமாம்! மார்த்தாவின் வலது காலில் சீனி வருத்தம் ஏற்கெனவே இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. காலையிலும் மாலையிலும் அந்தப் புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டுகிறவள் டிலோஜினி. ஒரு கிழமை ஒழுங்காகக் கட்டாவிட்டால் அடுத்ததாகக் காலைத்தான் எடுக்கவேண்டிவரும் என்று ஆஸ்பத்திரித் தாதி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். டிலோஜினி கொழும்புக்குப் போனால் மார்த்தாவின் கால் போகும். கணக்கு அவ்வளவுதான்.

வெள்ளி காலை அம்மாவின் காலைக் கட்டி முடித்ததும் அவள் மேசைக்கு முன்னால் குந்தினாள். றவுட்டரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தாள். பெயர் கேட்டது, 'அட்மின்' என்று அடித்தாள். கடவுச்சொல் கேட்டது, அதற்கும் 'அட்மின்' என்றே அடித்துப் பார்த்தாள். கதவு பட்டென்று திறந்தது.

"மாதாவே!" என்று தலையில் கை வைத்தாள். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை இரண்டு வருடமாக ஒருவரும் மாற்றவில்லை. ஒழுங்கையில் நிற்கிற எந்தக் குறும்பனும் உள்ளே வந்து வீட்டுக்காரரையே வெளியே தள்ளியிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த அன்று செய்திருக்க வேண்டியதை இன்றைக்குச் செய்கிறாளே என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

பட்டியலைப் பார்த்தாள். அவளுடைய லப்டொப், அவளுடைய ஃபோன், அம்மா கட்டிலில் இருந்தபடி பூசை பார்க்கிற ஃபோன், ஹோலில் இருக்கிற டிவி. வீட்டுக்குச் சொந்தமானவை நாலே நாலு. பெனடிக்றிடம் இருப்பது பழைய பட்டன் ஃபோன். அதற்கு வைஃபையும் தெரியாது, ஒன்றும் தெரியாது.

மிச்சம் பதினைந்தும் ஆருடையவை? அது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பெரியப்பா அமிர்தநாயகம் செத்த வீடு.

ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி இந்த வீட்டிலிருந்துதான் பெனடிக்றின் தமையனை எடுத்தார்கள். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிற பிள்ளைகள் வர முடியாததால் நேரலையில் காட்டினார்கள். படமெடுக்க வந்தவர்கள், பாட்டுக்காரர், பந்தலில் இருந்த சனம் என்று எல்லோரும் கேட்கத் தொடங்கவே, பழைய கடவுச்சொல்லை எடுத்துவிட்டு எல்லோருக்கும் சுலபமாக 'அமிர்தம்' என்று பெயரையும் பின்னால் அவர் பிறந்த வருடத்தையும் போட்டார்கள். அதைப் பெரிய எழுத்தில் அடித்து, பந்தல் தூணில் மரண அறிவித்தலுக்குக் கீழே ஒட்டினார்கள். றவுட்டரையும் பந்தலுக்கு எட்டட்டும் என்று பின்பக்க ஜன்னல் கட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பூவும் பந்தலும் போய்விட்டன. முப்பத்தோராம் நாள் பூசையும் சாப்பாடும் முடிந்தன. கடவுச்சொல் மட்டும் ஊரெல்லாம் உலாவிக்கொண்டிருக்கிறது.

"அப்பா, பாஸ்வேட்டை மாத்தப்போறன்."

விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பெனடிக்ற் நிமிர்ந்தார். "எந்தப் பாஸ்வேட்?"

"வைஃபை பாஸ்வேட். பெரியப்பான்ர செத்தவீட்டில போட்டது."

"சும்மா இரு பிள்ளை. அது அண்ணற்ற பேர்."

"பேர்தானப்பா. அவரை ஆரும் மறக்கப்போறேல்லை."

"செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ? தேத்தண்ணி குடுத்தம், சாப்பாடு குடுத்தம். நாளைக்கு அதையும் திருப்பிக் கேப்பியோ? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் என்னவும் சொல்லட்டும். இண்டைக்கு மூண்டரைக்குக் கந்தோரால பாக்கினம். வெளியாள் ஒருத்தர் இருந்தாலும் நான் கொழும்புக்குப் போகோணும்."

"வெளியாக்களுக்கெண்டு வேற லைன் போட்டுக் குடன்."

"கெஸ்ற் லைன் போடலாம்தான். கந்தோர் அதையும் விடாது."

"அப்ப கொழும்புக்குப் போவன். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வரலாம்தானே."

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. "அம்மான்ர காலை ஆர் கட்டுறது? நீங்களோ? புண்ணைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போற ஆள் நீங்கள்!"

உள்ளே மார்த்தா கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். எல்லாம் கேட்டது. பெனடிக்ற் அவள் இருந்த பக்கம் ஒருக்கால் பார்த்தார், பேப்பரை மடித்தார்.

"மாத்து. ஆனா எனக்கு எழுதித் தா."

"உங்களுக்கோ? பட்டன் ஃபோனுக்கு ஏனப்பா பாஸ்வேட்?"

"இந்த வீட்டுக்காரன் ஆர்? நானோ நீயோ? என்ர வீட்டுச் சாவி என்னட்ட இருக்கவேணும். கடதாசியில எழுதித் தா."

அவருடைய பிடிவாதம் அவளுக்குத் தெரியாததா? வாதாடினால் மத்தியானமாகும். உள்ளே போய் வேலையைத் தொடங்கினாள்.

முதலில் அந்த 'அட்மின்' வெட்கக்கேட்டை மாற்றினாள். பிறகு வைஃபைக்குப் புதுக் கடவுச்சொல், பதினெட்டு எழுத்து. ஒன்றோடொன்று சேராத நாலு சொற்கள், நடுவில் இலக்கங்கள். பெயர், பிறந்தநாள், பெருநாள் ஒன்றும் இல்லை. பொத்தானை அழுத்தினால் ஆரும் உள்ளே வரலாம் என்றிருந்த வசதியை நிறுத்தினாள். வெளியிலிருந்து றவுட்டரைத் திறக்கிற வழியைப் பூட்டினாள். பெட்டியின் மென்பொருளைப் புதிதாக்கினாள். அம்மாவின் ஃபோனிலும் டிவியிலும் தானே அடித்தாள், அம்மாவுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பிறகு கோயில் உறை ஒன்றின் பின்பக்கத்தில் பதினெட்டு எழுத்தையும் எழுதி அப்பாவிடம் நீட்டினாள்.

"ஒருத்தருக்கும் காட்டக்கூடாது."

"ஆருக்குக் காட்டப்போறன்?" என்று அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

பட்டியல் பத்தொன்பதிலிருந்து நாலுக்கு இறங்கியது. கடைசியாக, றவுட்டரைப் பின் ஜன்னலிலிருந்து கழற்றி முன் அறை அலுமாரிக்கு மேல் வைத்தாள். ஒழுங்கையெல்லாம் ஏன் எட்டவேண்டும்? வீட்டுக்குள் எட்டினால் போதும்.

பத்து நிமிடமாகவில்லை, பக்கத்து மதிலுக்கு மேலால் றொஷேல் அக்காவின் தலை தெரிந்தது.

"எடியே டிலோ! உங்கட வைஃபைக்கு என்ன பிடிச்சது? என்ர நாடகம் அரைவாசியில நிண்டிட்டுது. அவள் நஞ்சைக் கையில எடுத்திட்டாளடி, குடிச்சாளோ இல்லையோ எண்டு தெரியேல்லை!"

"மாத்திட்டன் அக்கா. கந்தோர்ப் பிரச்சினை."

"கடவுளே. அமிர்தம் அண்ணன் செத்ததில எனக்குக் கிடைச்ச ஒரே புண்ணியமும் போச்சு," என்றாள் றொஷேல், கொஞ்சமும் கூசாமல்.

டிலோஜினிக்குச் சிரிப்பு வரவில்லை. மதிலுக்குக் கிட்டப் போனாள். "அக்கா, பின்னேரம் மூண்டரைபோல எங்கட பின் ஒழுங்கையில ஆரும் வந்து நிக்கிறவையோ? ஆரோ ஒருத்தர் ஒவ்வொரு நாளும் வந்து எங்கட லைனைப் பாவிக்கினம்."

றொஷேலின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. ஒழுங்கையில் எந்தக் கோழி எங்கே முட்டையிட்டது என்று சொல்லக்கூடிய மனுசி அவள்.

"எனக்கென்னடி தெரியும்."

"அக்கா..."

"நண்டு ஏத்திற வான் ஒண்டு நிக்கும். மற்றதை உன்ர அப்பாவைக் கேள்." தலை மதிலுக்குக் கீழே போய்விட்டது.

அப்பாவை ஏன் கேட்கவேண்டும்? அப்பா ஆரோ நண்டு முதலாளிக்கு இணைப்பைப் பாவிக்க விட்டிருக்கிறாரா? அந்த முதலாளியின் ஆள் பின்னுக்கு நின்று என்ன கூத்து ஆடுகிறானோ? நாளைக்குப் பொலிஸ் வந்தால் இணைப்பு ஆருடைய பெயரில் இருக்கிறதோ அவளைத்தான் கேட்பார்கள். அது அவளுடைய பெயரில்தான் இருக்கிறது. அப்பாவைத் தேடினாள். அவர் சபைக் கூட்டத்துக்குப் போய்விட்டிருந்தார்.

மூன்று மணிக்கு அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு முன் அறைக்கு வந்தவள் திகைத்து நின்றாள். அலுமாரிக்கு மேல் றவுட்டர் இல்லை. தேடிப்போனால், பின்பக்க ஜன்னல் கட்டில் பழைய இடத்திலேயே விளக்குப் போட்டுக்கொண்டு இருந்தது.

"அம்மா, இதை ஆர் இஞ்ச வைச்சது?"

"அப்பா இப்பதான் வந்து வைச்சிட்டுப் போனவர். முன் அறையில வெக்கையாம். பெட்டி சூடாகுதாம்." மார்த்தா கப்பை மேசையில் வைத்தாள். "என்ன பிள்ளை, முகமெல்லாம் வெளிறிப்போய்க் கிடக்கு. நீ போகவேண்டி வருமோ?"

"இல்லையம்மா. போகமாட்டன்."

"போகவேண்டி வந்தா போ. நான் எப்பிடியும் கட்டிக்கொள்ளுவன்," என்றாள் மார்த்தா. குனிந்தால் தன் கால் விரலைத் தொட முடியாத மனுசி சொல்கிற கதை. பரிசோதனைக்கு நேரம் நெருங்கிவிட்டது. டிலோஜினி பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு மேசைக்குப் போனாள்.

சரியாக மூன்றரைக்குத் திரையில் ஜெஸீம் வந்தான். கந்தோரில் பாதுகாப்புப் பிரிவு அவனுடையது. பார்க்க நல்ல பிள்ளை மாதிரி இருந்தாலும் கேள்வி கேட்பதில் சுங்கக்காரன்தான்.

"மிஸ், உங்க றவுட்டர் பக்கத்தைக் காட்டுங்க. ஆ, சரி. அட்மின் மாத்தியாச்சு. பாஸ்வேட்?"

"பதினெட்டு எழுத்து. காலைதான் மாத்தினனான்."

"நல்லது. நாலு கருவி. நாலும் உங்கடதானே? கொஞ்சம் இருப்போம். அந்த ஃபோன் வர்ற நேரம்தானே இது."

இருவரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மூன்று முப்பத்திரண்டு. மூன்று முப்பத்துமூன்று. நாலு பெயர்கள் அசையாமல் நின்றன. டிலோஜினிக்கு மெல்ல மூச்சு வரத் தொடங்கியது.

மூன்று முப்பத்தாறுக்கு ஐந்தாவது வந்தது.

அதே ஃபோன். பெயரில்லாத, வெறும் மொடல் இலக்கம் மட்டும் உள்ள அதே ஃபோன், புதுக் கடவுச்சொல்லோடு உள்ளே வந்து இருந்தது.

"மிஸ்," என்றான் ஜெஸீம். குரல் மாறிவிட்டது. "காலையில மாத்தின பாஸ்வேட். யாருக்குக் குடுத்தீங்க?"

"ஒருத்தருக்கும்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். ஒருத்தருக்கு. ஒரே ஒருத்தருக்கு.

"ஐஞ்சு நிமிஷம் தாரன். யாருண்டு பாத்துட்டு வாங்க. இல்லாட்டி நான் ரிப்போட்டுல வெளியாள்ண்டுதான் எழுதணும். பிறகு என் கையில ஒண்டுமில்ல."

அவள் எழும்பி ஓடினாள். ஹோலில் மார்த்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன பிள்ளை?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் குசினிக்குள்ளால் போய்ப் பின்கதவைத் திறந்தாள். நாலு தென்னங்கன்றுகளைத் தாண்டினால் தண்ணித் தாங்கி. தாங்கிக்கு அங்கால் பின் மதில்.

மதிலடியில் மீன் பெட்டி ஒன்று கவிழ்த்துக் கிடந்தது. அதில் பெனடிக்ற் ஏறி நின்றார். அறுபத்திரண்டு வயது, சபைக் கூட்டத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. மதிலுக்கு அங்காலிருந்து ஒரு கை ஃபோன் ஒன்றை மதில் மேல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஃபோனுக்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோய், நாக்கால் டொக் டொக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், கோயில் சபையையே நடுங்க வைக்கிற பெனடிக்ற்.

"இஞ்ச பார், இஞ்ச பார்... அப்பப்பாவைப் பாரடி என்ர செல்லம்!"

ஃபோனுக்குள் ஒரு குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது.

"அப்பா, ரெண்டாவது பல்லும் வந்திட்டுது. பாத்தீங்களே?" என்றது மதிலுக்கு அங்காலிருந்து ஒரு குரல்.

"நேத்து ஒண்டுதானேடா இருந்தது!"

மில்ரன். மூன்று வருடமாகக் கேட்காத அண்ணாவின் குரல். டிலோஜினி தாங்கியைப் பிடித்துக்கொண்டாள். சந்தோசமா, கோபமா, எது முந்திக்கொண்டு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணா உயிரோடு, நல்லபடி, றொஷேல் சொன்ன அந்த நண்டு வானோடு ஒரு மதில் தூரத்தில் நிற்கிறான். அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. பெரியப்பாவை எடுத்த அன்று ஊரே பந்தலுக்குள் இருக்க, இவன் இந்த ஒழுங்கையில் தனியாக நின்று தன் வீட்டுச் செத்தவீட்டைத் தன் வீட்டு இணைப்பிலேயே ஃபோனில் பார்த்திருக்கிறான். இங்கே ஃபோனில் கதைக்கலாமே தவிர, படம் ஓடுகிற அளவுக்குச் சிக்னல் நிற்காது. வேறு எப்படிப் பார்ப்பான்? அப்பாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அன்றையிலிருந்து ஒவ்வொரு நாளும் இந்தப் பெட்டியில் ஏறி நின்றிருக்கிறார். அம்மா மட்டும் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டு இருக்கிறாள்.

அவள் சத்தம் போடாமல் திரும்பி வந்தாள்.

"பாத்தீங்களா?" என்று கேட்டான் ஜெஸீம்.

"ஓம்."

"வெளியாளா?"

அவள் பின்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் கொஞ்சம் இரங்கினான். "மிஸ், நான் சொல்றதைக் கேளுங்க. அந்தப் பெயருக்குப் பக்கத்துல ப்ளொக் பண்ற பட்டன் இருக்கு. நான் பாத்துக்கிட்டு இருக்கக்குள்ளேயே அழுத்துங்க. வெளியாள் வந்தான், மிஸ் வெட்டிட்டாங்கண்டு எழுதி முடிக்கிறன். வேலை தப்பும்."

அவ்வளவுதான் செய்யவேண்டியது. ஒரு அழுத்து. அம்மாவின் கால் தப்பும். பின்னுக்கு ஒரு கிழவனின் முகத்துக்கு முன்னால் ஒரு படம் நின்றுபோகும். அவ்வளவுதானே?

அவள் விரல் பட்டனுக்கு மேல் போனது. வெளியாள் என்று எழுதுவார்களாம். இந்த வீட்டில் பிறந்து, இந்த முற்றத்தில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன் வெளியாளாம். அப்பா ஒருக்கால் அவனை வெளியே தள்ளினார். இப்போது அவளும் தன் கையாலேயே தள்ளவேண்டுமாம்.

"ஏலாது," என்றாள்.

"என்னது?"

"வெட்ட ஏலாது. அது வெளியாள் இல்லை." அவளுடைய குரல் அவளையும் மீறி உயர்ந்தது. "அது என்ர அண்ணா. மில்ரன்."

ஹோலில் கத்தி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது.

ஜெஸீம் ஏதோ கடதாசியைப் புரட்டினான். "உங்க படிவத்துல குடும்பத்துல மூணு பேர்ண்டுதானே போட்டிருக்கீங்க?"

"பிழையா எழுதிட்டன். நாலு பேர்."

"அவர் வீட்டுலதான் இருக்காரா?"

பொய் சொல்லலாம். நாக்குவரை வந்தது. "மதிலுக்கு அங்கால நிக்கிறார்," என்றாள்.

அவன் கடதாசியைக் கீழே வைத்தான். மதிலுக்கு அங்கால் நிற்கிற அண்ணன்மாரைப் பற்றி அவனுக்கும் ஏதோ தெரிந்திருக்கவேண்டும்.

"திங்கட்கிழமை காலை பத்து மணி. நாலு பேரும் ஒரே மேசையில, ஒரே கமெராவுக்கு முன்னால இருந்து இரகசியப் பத்திரத்துல ஒப்பம் வைக்கணும். முதல்ல வீட்டுக்காரர், பிறகு மத்தவங்க. ஒருத்தர் குறைஞ்சாலும் அனுமதி போயிடும். அதுக்குப் பிறகு என்னைக் கேக்காதீங்க மிஸ்."

திரை அணைந்தது. டிலோஜினி திரும்பினாள். அறை வாசலில் மார்த்தா நின்றாள். கதிரையிலிருந்து தானாக எழும்பி, கட்டுப்போட்ட காலை நிலத்தில் ஊன்றி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பேர் சொன்னனீ?"

"அம்மா, இருங்கோ முதல்ல, காலை ஊன்றாதையுங்கோ..."

"என்ன பேர் சொன்னனீ?"

அந்நேரம் பார்த்துத்தான் பெனடிக்ற் பின்கதவால் வந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. இரண்டு பெண்களையும் கண்டவுடன் அதைத் துடைத்துவிட்டுப் பழைய முகத்தைப் போட்டுக்கொண்டார்.

"என்ன, ரெண்டு பேரும் செத்தவீடு மாதிரி?"

"நாலு பேருமாம் அப்பா," என்றாள் டிலோஜினி. "திங்கக்கிழமை நாங்கள் நாலு பேரும் ஒரு மேசையில இருந்து ஒப்பம் வைக்கோணுமாம். இல்லாட்டி நான் கொழும்பு."

"எந்த நாலு? இந்த வீட்டில மூண்டு பேர்தான்."

"புதுப் பாஸ்வேட்டை நான் உங்களுக்கு மட்டும்தான் எழுதித் தந்தனான்."

பெனடிக்றின் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போனது. பை வெறுமையாக இருந்தது. உறை மதிலுக்கு அங்கால் போய்விட்டது.

மார்த்தா அதைப் பார்த்தாள். புருசனின் முகத்தையும் பார்த்தாள். "நீங்கள் அவனோட கதைக்கிறனீங்களோ?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். "மூண்டு வருசமா என்னை ஒரு சொல்லுச் சொல்லவிடாமல் வைச்சிட்டு, நீங்கள் கதைக்கிறனீங்களோ?"

"நான் அவனோட கதைக்கப் போறேல்லை மார்த்தா. சத்தியமா. அது... குழந்தையைப் பாக்கத்தான். என்ர ஃபோனில படம் தெரியாது. அதுதான் அவன் கொண்டுவந்து..."

"ஆற்ற குழந்தை?"

பெனடிக்ற் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பொம்பிளைப் பிள்ளை," என்றார். "எட்டு மாசம்."

மார்த்தா கையை ஓங்கினாள். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை. பெனடிக்ற் விலகவில்லை, அடி விழட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மார்த்தா அடிக்கவில்லை. ஓங்கிய கையைக் கீழே இறக்கி, அவருக்கு முன்னால் விரித்து நீட்டினாள்.

"ஃபோனைத் தாங்கோ."

"மார்த்தா, நான் சொல்லுறதை..."

"தாங்கோ எண்டு சொல்லுறன்!"

அவர் கொடுத்தார். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. கடைசியாக எடுத்த இலக்கத்துக்கே பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தாள். டிலோஜினிக்கும் மணி அடிப்பது கேட்டது. இரண்டு தரம் அடித்தது. மூன்றாவது தரத்தில் எடுத்தார்கள்.

எடுத்தது மில்ரன் இல்லை. பெண்குரல். நாள்தோறும் பழகிய உரிமையோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசுகிறவளின் அவசரத்தோடு அது கேட்டது.

"மாமா, இவட சிரிப்பைப் பாத்தீங்களா? மாமிட்ட இண்டைக்காவது சொல்லிட்டீங்களா?"